ஏழாவது குழி

ஆறு குழாய்களிலும் தண்ணீர் ஒரே அளவு இறங்கியிருந்தது. சரியாக ஒன்றரை அடி.

மேகலா முதலில் குழாய்க்குள் இறக்கி ஆழம் பார்க்கும் டேப்பைத்தான் சந்தேகப்பட்டாள். நுனியில் ஓர் இரும்புக் குண்டு, அது தண்ணீரைத் தொட்டதும் கீச்சென்று கத்தும் ஒரு சின்னப் பெட்டி. மூன்று வருடமாக அதைச் சுமக்கிறாள், ஒருநாளும் அது பொய் சொன்னதில்லை. ஈக்காட்டுத்தாங்கலில் இழுத்து மூடிய இந்த முலாம் பட்டறையின் மண்ணை வெட்டி அள்ளிவிட்டு அடுக்குமாடி கட்டப்போகிறார்கள். விஷம் எத்தனை ஆழம் இறங்கியிருக்கிறது என்று பார்த்துச் சொல்வது அவள் கம்பெனியின் வேலை. பத்து நாள் முன்பு ஆறு இடத்தில் குழி போட்டு, ஒவ்வொன்றிலும் நான்கு விரல் அகல வெள்ளைக் குழாய் இறக்கினார்கள். மூடிகளின் மேல் எண் எழுதியது அவள்தான்.

தகரம் பிய்ந்த கூரை வழியாகச் சாயங்கால வெயில் சரிந்து விழுந்து, சுவர் முழுக்கப் பூத்திருந்த மஞ்சளைக் காட்டியது. ஆறாத புண்ணின் ஓரத்தில் கட்டுமே, அந்த மஞ்சள். மூச்சை இழுத்தால் பழைய சாவியை நாக்கில் வைத்த மாதிரி ஒரு ருசி தொண்டைவரை இறங்கியது.

குழி போடும் வெள்ளைச்சாமி கயிறு சுருட்டிக்கொண்டிருந்தார். மழை இல்லை, பக்கத்தில் மோட்டார் எதுவும் ஓடவில்லை, தண்ணீர் எங்கே போகும் என்று அவரிடம் கேட்டாள். எதற்கும் ஒரு நக்கல் வைத்திருக்கும் மனிதர். மூன்றாம் குழாயின் வாயில் காதை வைத்துக் கொஞ்ச நேரம் கிடந்தார். எழுந்தபோது முகத்தில் சிரிப்பில்லை.

"எங்கியோ ஏழாவதா ஒரு வாய் தொறந்துகீதும்மா. எல்லாம் அங்க போய்க்கினு கீது."

ஏழு என்றதும் அவள் மூடிகளை மறுபடி எண்ணினாள். ஆறுதான்.

ஏழாவது குழி என்று ஒன்று உண்டு, காகிதத்தில் மட்டும். லேபைச் சோதிக்க இந்தத் தொழிலில் ஒரு வழக்கம். ஒரே குழியின் மண்ணை இரண்டு பாட்டிலில் பிரித்து, ஒன்றுக்கு நிஜ எண்ணும் மற்றதற்கு இல்லாத ஒரு குழியின் எண்ணும் போட்டு அனுப்புவார்கள். இரண்டு முடிவும் ஒத்துப்போனால் லேபை நம்பலாம். மேகலா மூன்றாம் குழியின் மண்ணைப் பிரித்து, இரண்டாவது பாட்டிலில் ஏழு என்று எழுதினாள். அதற்கான படிவத்தை அன்று வீட்டு அடுப்படியில், நெத்திலிக் குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும்போது, போனில் நிரப்பினாள். ஆழம், பதினோரு அடி. குழி இருக்கும் இடத்தைக் குறிக்காமல் படிவம் நகராது. பட்டறைக்குள் ஏதாவது ஒரு மூலையைக் குறிப்பதுதான் முறை. அலுப்பில் 'நான் இருக்கும் இடம்' என்பதை அழுத்திவிட்டாள். நொச்சிக்குப்பம் ஹவுசிங் போர்டு, இரண்டாவது மாடி, அவள் வீடு. யார் பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்தாள். பக்கத்தில் அவள் மகள், ஆறு வயது ஜானு, தரையில் சப்பணமிட்டு, ஆடத் தொடங்கிய முன்பல்லை நாக்கால் தள்ளித் தள்ளி விளையாடிக்கொண்டிருந்தாள்.

போன் அடித்தது. லேபிலிருந்து கிரீஷ். மற்ற ஆறும் எதிர்பார்த்தபடிதான், ஏழில் மட்டும் விஷம் மூன்றைப் போல் நாற்பது மடங்கு என்றான். இரண்டும் ஒரே மண்.

அவன் தயங்கினான். "ஏழாவது ஸ்கூல் கிட்ட எங்கியாவது போட்டீங்களா மேடம்? பாட்டில்ல மண்ணோட ஒரு பல் இருந்துச்சு. சின்னப் பிள்ளைங்க பால் பல்லு."

அந்த மண்ணை அவள் தன் கையால் சலித்தாள். ஒரு சின்னக் கல்கூட இல்லாமல் சலித்தாள்.

"முன்பல்லா?"

"ஆமா மேடம். உங்களுக்கு எப்படித் தெரியும்?"

ஜானுவின் பல் இன்று காலைவரை வாயில்தான் இருந்தது. பள்ளிக்கு அனுப்பும்போது மேகலாவே பிடித்து ஆட்டிப் பார்த்தாள். பத்து நாள் முன்பு மூடிய பாட்டிலுக்குள் அது எப்படிப் போகும்? எந்தக் குழந்தையுடையதோ. பட்டறைக்காரர் வீட்டுக் குழந்தையாக இருக்கும். இப்படி அவள் தனக்குத்தானே சொல்லி முடிப்பதற்குள் அடுத்த அழைப்பு வந்தது. கீழ்வீட்டு அந்தோணியம்மாள். ரோட்டோரம் மீன் விற்றுவிட்டு மூன்று மணிக்கு வீடு திரும்புகிறவள். மேகலா வரும்வரை ஜானு அவள் பொறுப்பு.

"இன்னாடி, தண்ணிய தொறந்து வுட்டுட்டு பூட்டியா? என் வூட்டு மேல்தளம் மஞ்சளா ஊறிக்கினு கீது. உன் அடுப்படிக்கு நேர் கீழ."

"ஜானு அங்க இருக்காளாக்கா?"

"அது அப்பவே மேல பூட்ச்சு. பல்லு வுழுந்துட்ச்சாம், வுழுந்த பல்ல காணமாம். பொக்க வாய வெச்சினு சாவிய வாங்கினு ஓடிச்சு."

போய்ப் பிள்ளையைக் கீழே கூட்டிவரச் சொன்னாள். போனுக்குள் அந்தோணியம்மாள் மூச்சு வாங்கப் படியேறுவது கேட்டது. கதவைத் தட்டுவது கேட்டது. பிறகு தட்டுவது நின்றது.

"உள்ள தாப்பா போட்டுகீது மேகலா." குரல் இறங்கியிருந்தது. "கொயந்த யார்கிட்டியோ பேசிக்கினு கீது."

டேப்பைப் பையில் திணித்து, வண்டியின் கொக்கியில் மாட்டிக்கொண்டு கிளம்பினாள். சைதாப்பேட்டைப் பாலத்தில் பேருந்துகளின் புகையும் ஆற்றின் நாற்றமும் முகத்தில் அடித்தன. அவற்றுக்கு நடுவிலும் அந்தச் சாவி ருசி நாக்கைவிட்டுப் போகவில்லை. குழி போட மண் வேண்டும் என்று அவள் சொல்லிக்கொண்டே ஓட்டினாள். இரண்டாவது மாடியில் மண் ஏது? தரைக்குக் கீழே அந்தோணியம்மாள் வீட்டு மின்விசிறி. அதற்குக் கீழே இன்னொரு வீடு. மண் ஏது?

நந்தனம் தாண்டும்போது பைக்குள் டேப் கத்தியது.

கீச்.

குண்டைத் துணியால் துடைத்துத்தான் உள்ளே வைத்திருந்தாள். லஸ் சிக்னலில் பைக்குள் கைவிட்டுத் தொட்டுப் பார்த்தாள். காய்ந்துதான் இருந்தது. கைக்குள்ளேயே மறுபடி கத்தியது. பக்கத்து ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார்.

சாந்தோம். கீச். கீச். கடல் காற்று. படகுகள். வலை உலர்த்தும் இடம்.

நிற்கவேயில்லை அது.

அந்தோணியம்மாள் படியில் உட்கார்ந்திருந்தாள். முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாள். மேலே கையைக் காட்டினாள். கூட வரவில்லை.

மேகலா தட்டினாள். ஜானு. ஜானும்மா. அம்மாடா.

தாழ்ப்பாள் விலகியது.

ஜானு நின்றிருந்தாள். யூனிஃபார்மோடு, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு. மேகலா அப்படியே வாரி எடுத்தாள். கழுத்தில் முகம் புதைத்தாள். கனமாக, குளிர்ச்சியாக இருந்தாள் குழந்தை. ஒன்றுமில்லை. பிள்ளைக்கு ஒன்றுமில்லை.

டேப் நின்றுவிட்டது.

குழந்தையின் தலைமுடியில் பழைய சாவி வாசனை.

குழந்தையின் தோளுக்கு மேலாக அடுப்படி தெரிந்தது. அடுப்புக்குக் கீழே, தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு ஒரு வெள்ளைக் குழாய். டைல்ஸில் ஒரு கீறல் இல்லை. மூடி பக்கத்தில் கிடந்தது. மூடிமேல் 7. அவள் எழுத்து.

பள்ளிச் செருப்பில் ஒன்று குழாயை ஒட்டிக் கவிழ்ந்திருந்தது.

"அம்மா."

குழாய்க்குள்ளிருந்து. ஆழத்திலிருந்து. பல் விழுந்த சந்தில் காற்று ஓடும் குரல்.

"அம்மா, இங்க இருக்கேன். தூக்கு."

மேகலா கையிலிருந்த முகத்தை மெல்ல விலக்கிப் பார்த்தாள். அது சிரித்தது. முன்வரிசை முழுசாக இருந்தது. ஒரு பல்லும் விழவில்லை. ஒரு பல்லும் ஆடவில்லை.

"அம்மா, தண்ணி மேல வருதும்மா."

கழுத்தைச் சுற்றியிருந்த சின்னக் கைகள் இறுகத் தொடங்கின.