மாசிக்காய் மை

"பிள்ளை பெறப் போறது உன் பொண்டாட்டியா, நீயாப்பா?" என்று கேட்டுச் சிரித்தார் சாகிர் பாய்.

சேதுபதியும் கூடவே சிரித்து வைத்தான். "தலைப்பிரசவம் பாய். பாஸ்போர்ட்ட மட்டும் குடுங்க. மொகத்தக் காட்டிட்டு ஓடியாந்துர்றேன்."

"லண்டன் பார்ட்டி காத்துக்கிட்டு இருக்கான், புத்தகத்த முடி. நீ போயி என்ன, டாக்டருக்குக் கத்திரி எடுத்துக் குடுக்கப் போறியாக்கும்?"

அன்று சிரித்துத் தொலைத்ததுதான் இன்னும் நெஞ்சில் எரிந்தது. அதே வாரத்தில் அவன் மனைவி தாமரையும் வயிற்றுப் பிள்ளையும் போய்விட்டார்கள். முகம் பார்க்காமலே காரியம் முடிந்தது.

இப்போது வளைகுடா நாட்டில், குதைபியாக் கடைத்தெருவில், பாயின் பழம்பொருள் கடைப் பின்னறையில், புத்தகத்தின் கடைசித் தாளைப் பார்த்தபடி நின்றான். எல்லா எழுத்தும் கறுத்துக் காய்ந்திருந்தது. அவன் பெயர் மட்டும் ஈரமாக இருந்தது.

போர்டு எழுத வந்தவன் அவன். டிஜிட்டல் பேனர்கள் வந்தபின் பாய் அவனை இந்த வேலைக்கு உட்கார்த்தினார். ஜெர்மனியில் எவனோ முந்நூறு வருடங்களுக்கு முன் கையால் எழுதிய மந்திரப் புத்தகம். அதைப் பழைய தாளில் அச்சு அசலாக நகலெடுத்தால் ஒன்றை இரண்டாக விற்கலாம். மொழி தெரியாத சேதுபதி எழுத்துகளைக் கோலம் போலப் பார்த்துப் பார்த்து வரைந்தான். மையும் அந்தக் காலத்து மைதான். மாசிக்காயும் அன்னபேதி உப்பும் ஊறவைத்தது. எழுதும்போது வெளிறித் தெரியும், விடிவதற்குள் கறுத்துவிடும்.

"கடைசிப் பக்கத்துல உன் பேர மட்டும் எழுதிராத," என்று பாய் சொல்லியிருந்தார். "எவன் கையால எழுதி, பேரப் போடுறானோ, அவன்கிட்டதான் பேய் வருமாம். வந்து, அதுவும் கையெழுத்துப் போட்டுட்டு, என்ன வேணும்னு கேட்டுச் செய்யுமாம். வெள்ளக்காரன் பேயி, அக்ரிமென்ட் இல்லாம வேல பாக்காது!"

ஆனால் ஊரில் சுவர் விளம்பரம் எழுதிய கை. எந்தச் சுவரை முடித்தாலும் கீழ் மூலையில் 'சேது' என்று போட்டுவிட்டுத்தான் தூரிகையைக் கழுவும். நேற்று மாலையும் தன்னையறியாமல் போட்டுவிட்டது.

பிளேடால் சுரண்டினான். தாளின் தோல் உரிந்து, அடியிலிருந்து ஈரம் மறுபடி ஊறி வந்தது.

ஜும்மாவுக்குக் கிளம்பிய பாய் கதவில் தலையை நீட்டினார். முகமெல்லாம் பல். "சேது, எம் பொண்டாட்டி அப்ஸானாவுக்கு வலி கண்டுருச்சாம். கீழக்கரையில இருந்து இப்பத்தான் போன். தொழுதுட்டு நேரா ஏர்போர்ட்டுதான். துஆ செய்யிப்பா, என்ன?"

ஷட்டர் இறங்கியது.

வெளியே புழுதிக்காற்று எழுந்து, ஷட்டர் இடுக்குகளில் நுழைந்த நண்பகல் வெயில் பழுப்பாக மங்கி, கண்ணாடிக்கூண்டிலிருந்த பழைய வாள்களின் மேலும் விளக்குகளின் மேலும் அந்தி போலப் படிந்தது. ஏசி ஒருமுறை இருமி நின்றது. மையின் துவர்ப்பு வாசனை அறையை நிறைத்தது. பிள்ளைக்கு உரைமருந்து இழைக்கவென்று தாமரை மாசிக்காய் வாங்கி வைத்திருப்பதாகச் சொன்னது நினைவுக்கு வந்து, அவன் மூக்கைப் பொத்திக்கொண்டான்.

அப்போதுதான் சத்தம் கேட்டது. அலமாரிக்குப் பின்னால். கல்லில் எதையோ நிதானமாக இழைக்கும் சத்தம்.

"யாரு?"

சத்தம் நின்றது. மறுபடி தொடங்கியது. இப்போது அலமாரிக்கு இந்தப் பக்கம்.

தாளைப் பார்த்தான். அவன் பெயருக்குக் கீழே புதிதாக ஒரு கறை. குனிந்தான். கறை அல்ல. கட்டைவிரல் ரேகை. உளுந்தம்பருப்பு அளவுதான் இருந்தது.

ஷட்டரிடம் ஓடினான். இழுத்தான். அசையவில்லை.

"என்ன வேணும் மச்சான்?"

தாமரையின் குரல். முதுகுக்குப் பின்னால். மூச்சு இல்லாத குரல்.

என்ன வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். தாமரை போன சேதி போனில் வந்த நாளிலிருந்து தெரியும். சோற்றோடு விழுங்கியிருக்கிறான். தனக்குள்ளேகூடச் சொல்லிப் பார்த்ததில்லை. அவன் வாயைப் பொத்தினான். அப்ஸானாவை நினைத்தான். தாமரைக்காக அழுத ஒரே ஆள் இந்த ஊரில் அந்தப் பெண்தான். பிரசவத்துக்கு ஊருக்குக் கிளம்பிய அன்றும் டிபன் கேரியரைக் கொண்டுவந்து வைத்து, "பட்டினி கெடக்காதீங்கண்ணே" என்றாள்.

"சொல்லு மச்சான்."

மாட்டேன் என்று தலையாட்டினான்.

உதட்டின் மேல் ஏதோ சில்லென்றது. மிகச் சின்ன விரல்கள். நகம்கூட முற்றாதவை. அவன் பொத்தியிருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தன.

கத்திரி என்று சொல்லிச் சிரித்த அந்த முகம். அந்தப் பல்.

கடைசி விரலை அவனே எடுத்தான்.

"பாய் போய்ச் சேர்றதுக்குள்ள," என்றான், "அங்க எல்லாம் முடிஞ்சிரணும்."