பாலாம்பிகைக்கு வந்த ஆறு இலக்கம்

ஹுன்னஸ்கிரிய தோட்டத்துக்கு ஏறும் பாதையில் ஓட்டோக்காரர் என்னைப் பாதியிலேயே இறக்கிவிட்டார்.

"இதுக்கு மேல வண்டி இழுக்காது நானா. நீங்களும் கொஞ்சம் பாரம்."

உண்மைதான். ஆனால் அன்று வயிற்றைவிடக் கனத்தது சட்டைப் பையில் கிடந்த போன். பிற்பகல் மூன்று மணிக்கே பனிமூட்டம் இறங்கி, தேயிலை நிரைகளை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டிருந்தது. எங்கோ ஒரு தகரத்தில் தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும் கூடவே வந்தது.

நான் பளீல். ஊரில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அண்ணன், பளீல் நானா. பஸாரில் கொமியுனிகேஷன் கடை. போட்டோகொப்பி, ரீலோட், அத்தோடு வெளிநாட்டுக்கு வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஈமெயில் கணக்குத் திறந்து கொடுப்பது. கடவுச்சொற்களை எல்லாம் ஒரு பெரிய கொப்பியில் எழுதி வைத்திருப்பேன். பாதுகாப்பு என்ற சொல்லுக்கு நான் கொடுத்த மரியாதை அவ்வளவுதான்.

முன்பெல்லாம் கணக்குத் திறக்கும்போது ரகசியக் கேள்வி ஒன்று கேட்கும். இந்தத் தோட்டத்துப் பாலாம்பிகை கடைக்கு வந்த அன்று, "நீங்கள் வளர்ந்த தெருவின் பெயர் என்ன?" என்று கேட்டது.

"லயத்து வரிசை வீட்டுக்கு ஏது நானா தெரு? வேற கேளுங்க."

"முதல் வளர்ப்புப் பிராணி பேர் என்ன தங்கச்சி?"

அவள் சிரித்தாள். கடையில் நாலு பேர் நின்றதால், கவுண்டரைச் சுற்றி வந்து, குனிந்து, என் இடது காதில் மெதுவாகச் சொன்னாள். பச்சைக் கொழுந்து வாசமும் தேங்காய் எண்ணெய் வாசமும் அடித்தன. "ரகசியம்னு நீங்கதானே சொன்னீங்க" என்று வேறு சொன்னாள்.

பிறகு காலம் மாறியது. கேள்வி பதில் பத்தாது, போன் நம்பர் கொடு, ஒவ்வொரு புதுக் கருவிக்கும் ஆறு இலக்கம் அனுப்புகிறேன், சில நிமிடத்துக்குள் போடாவிட்டால் செல்லாது என்றது கொம்பனி. வெளிநாடு போகிறவர்களின் இந்த ஊர் சிம் அங்கே வேலை செய்யாதே. பளீல் நானாவின் மூளை வேலை செய்தது. நாற்பத்து மூன்று பெண்களின் கணக்கிலும் என் நம்பரையே போட்டேன். பழைய கேள்விகளை அழித்தேன்.

"நம்பர் கேட்டா எனக்கு ஒரு கோல் போடுங்க, நான் வாசிச்சுச் சொல்றேன்."

நாற்பத்து மூன்று வீட்டுச் சாவியும் என் பையில். பெருமையாகத்தான் இருந்தது. அவரவர் தலைக்குள் இருந்த சாவியை நான் பிடுங்கி எடுத்தேன் என்று அப்போது தோன்றவில்லை.

போன மாசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, கெலிஓயாவில் மச்சானின் மகள் கல்யாணம். சோற்றுச் சஹன் தட்டைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து கை வைத்த நேரம், போன் அடித்தது. ஆறு இலக்கம். மறுபடி ஆறு இலக்கம். நடுவில் தெரியாத வெளிநாட்டு நம்பரிலிருந்து கோல்.

"மிச்சம் பேர் நம்மள மறக்க ஏலாமத் திரியிறாங்க" என்றேன். ஐந்து பேரும் சிரித்தார்கள். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு இறைச்சித் துண்டைத் தேடினேன்.

பன்னிரண்டு முறை அடித்தது. எண்ணியிருக்கிறேன் பாருங்கள்.

மூன்றாம் நாள், வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போயிருந்த பாலாம்பிகை மாடியிலிருந்து விழுந்து இறந்ததாகச் செய்தி வந்தது. வேலை செய்த வீட்டுக்காரர்கள் அவளுடைய போனையும் பாஸ்போட்டையும் பிடுங்கி வைத்திருந்தார்களாம். யாரோ ஒருத்தியின் போனை இரவல் வாங்கி, ஈமெயிலில் இருந்த ஒப்பந்தத்தைத் தூதரகத்துக்குக் காட்டப் பார்த்திருக்கிறாள். புதுப் போன். நம்பர் கேட்டது.

அவளுடைய மகள் யசோதினியிடம் நான் சொன்னது: "அன்டைக்கு சிக்னல் இல்ல மகள்."

அந்த யசோதினிதான் இப்போது லயத்து வாசலில் நின்றாள். அம்மாவின் ஈமெயிலில் உள்ள படங்கள் வேண்டுமாம்.

"வாங்க நானா. பிளேன்டீ ஊத்தவா? சீனி கம்மியா?"

"கூடப் போடுங்க மகள். கம்மியாக் குடிச்சு யார் மெலிஞ்சது?"

அவள் சிரித்தாள். தாயின் சிரிப்பு. நான் கோப்பையைக் குடிக்காமல் கீழே வைத்தேன்.

அவளுடைய போனில் கணக்கைத் திறந்தேன். கொப்பியைப் பார்த்துக் கடவுச்சொல்லைப் போட்டேன். என் போனுக்கு ஆறு இலக்கம் வர வேண்டும்.

வரவில்லை.

திரையில் ஒரு வரி வந்தது: உங்கள் முதல் வளர்ப்புப் பிராணியின் பெயர் என்ன?

மூன்று வருடத்துக்கு முன் என் கையாலேயே அழித்த கேள்வி.

"என்ன நானா கேக்குது?"

"சும்மா... பழைய கேள்வி." திரையை அவள் பக்கம் திருப்பினேன். "உங்களுக்குத் தெரியுமா?"

"அம்மா எனக்குச் சொன்னதில்லையே. உங்களுக்குத்தான் சொன்னாங்களாம்."

எனக்கு மறந்துபோயிருந்தது.

வெளியே தகரத்தில் சொட்டிய தண்ணீர் நின்றது.

பச்சைக் கொழுந்து வாசம் வந்தது. பின்னால் தேங்காய் எண்ணெய்.

யசோதினி எனக்கு எதிரே நின்றாள். என் இடது பக்கம் சுவர்தான் இருந்தது.

இடது காதில் ஈரமான குளிர்.

"சொக்கி."

விரல்கள் தாமாகவே தட்டின. கணக்குத் திறந்தது. படங்கள் இருந்தன, ஒப்பந்தம் இருந்தது. அனுப்பப்படாத கடிதம் ஒன்றும் இருந்தது. என் பெயருக்கு. அந்த வெள்ளிக்கிழமை, பிற்பகல் ஒன்று இருபதுக்கு எழுதியது.

அன்று அவளால் இந்தக் கணக்குக்குள் நுழையவே முடியவில்லை.

யசோதினி சுற்றி வந்து, என் தோளுக்கு மேலால் எட்டி, கடிதத்தில் இருந்த ஒரே வரியைச் சத்தமாக வாசித்தாள்.

"நானா, போனை நிமித்தி வைங்க."

போனை அவளிடம் கொடுத்தேன். பிறகு நான் சொன்னேன். கல்யாணம், சஹன், பன்னிரண்டு முறை, நான் சொன்ன பகிடி, அதற்குச் சிரித்தவர்கள், எல்லாம். சிக்னல் நன்றாக இருந்ததையும் சொன்னேன்.

அவள் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

"அன்னைக்கு அம்மா எனக்கும் கோல் எடுத்தாங்க" என்றாள். "நானா தொழுகைக்குப் போயிருப்பாரு, வந்ததும் கட்டாயம் எடுப்பாருன்னு சொன்னாங்க." என் முன்னால் இருந்த கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். திரும்பி வரவில்லை.

மறு வாரமே மீதி நாற்பத்திரண்டு கணக்குகளிலிருந்தும் என் நம்பரை எடுத்தேன். ஒவ்வொருத்தியையும் கூப்பிட்டு, அவரவர் போனிலேயே வேலை செய்யும்படி மாற்றிக் கொடுத்தேன். பாலாம்பிகையின் கணக்கை யசோதினி நிரந்தரமாக மூடிவிட்டாள்.

ஆனாலும் வெள்ளிக்கிழமைதோறும் ஒன்று இருபதுக்கு என் போன் அடிக்கிறது. ஆறு இலக்கம். சிம்மை மாற்றிப் பார்த்தேன். போனையே மாற்றிப் பார்த்தேன்.

இப்போது வெள்ளிக்கிழமைகளில் நான் வேறெங்கும் போவதில்லை. தொழுகை முடிந்து பள்ளிவாசலிலிருந்து நேரே கடைக்கு வந்து, கதவைச் சாத்தி, போனை நிமிர்த்தி வைத்துக் காத்திருக்கிறேன். வந்ததும் ஒவ்வொரு இலக்கமாக, நிறுத்தி நிறுத்தி, சத்தமாக வாசிக்கிறேன். கொமியுனிகேஷன் நானாவுக்கு மண்டை கழன்று விட்டது என்று பக்கத்துப் பேக்கரியில் பேசிக்கொள்கிறார்கள். அவர்கள் சொல்வதும் நியாயம்தான்.

போன வெள்ளியும் வாசித்தேன். நாலு, ஒன்று, ஏழு, ஏழு, பூச்சியம், மூன்று.

கடைக்குள் பச்சைக் கொழுந்து வாசம்.

"நேரம் முடிஞ்சிருச்சு நானா" என்றது இடது காதில். "மறுபடி அனுப்பச் சொல்றேன்."

போன் அடித்தது.