விளிம்புக்கு வெளியே

நாற்காலியைப் பின்னால் தள்ளியதும் அது சுவரில் இடித்தது. ஜெஸ்ஸி திரும்பிப் பார்த்தாள். காலையில் அந்த இடைவெளியில் குனிந்து பெருக்கியவள் அவளேதான். இப்போது அங்கே கை நுழையவும் இடமில்லை. மேசையைத்தான் யாரோ நகர்த்தியிருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு மீண்டும் லேப்டாப் பக்கம் திரும்பினாள்.

திண்டுக்கல்லிலிருந்து வேடசந்தூர் போகும் சாலையோரத்தில் புதிதாகக் கட்டிய வீடு அது. வெளியே பிற்பகல் வெயில் வெறித்துக் கிடந்தது. எங்கிருந்தோ தோல் பதனிடும் ஷாப்பின் நாற்றம் காற்றோடு வந்து ஜன்னல் திரையில் தங்கியிருந்தது. பின்னறையில் கணவன் பிராங்க்ளினின் குறட்டை மின்விசிறிச் சத்தத்தோடு சேர்ந்து ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. நிலக்கோட்டையில் மல்லிகை ஏற்றி, விடிய விடிய வேன் ஓட்டிவிட்டு வந்தவன். "யாரும் வந்தா நீயே பேசி அனுப்பிரு. செத்த நேரம் கண்ணசருறேன்" என்று சொல்லிவிட்டுப் படுத்திருந்தான்.

பக்கங்களின் அளவை மாற்றும் மென்பொருள் ஒன்றுக்கு அவள் பயன்பாட்டுக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தாள். அதைப் படிக்கப்போவது மனிதர்கள் அல்ல, ஏஐ ஏஜென்ட்கள். அவையே குறிப்பைப் படித்து அவையே மென்பொருளை இயக்கும். அதனால் எந்த வாக்கியத்துக்கும் இரண்டாவது அர்த்தம் இருக்கக் கூடாது. அவள் எழுதிச் சேமித்தவுடன் ஒரு ஏஜென்ட் அதைப் படித்து, மாதிரிப் பக்கம் ஒன்றில் செய்து காட்டும். மாதிரிக்குப் பெரிய தாள் ஒன்று தேவைப்பட்டபோது, லேப்டாப்பில் இருந்த இந்த வீட்டின் வரைபடத்தையே ஏற்றிவிட்டிருந்தாள்.

திரையில் ஒரு வரி வந்தது.

'வீடு பக்கத்தில் அடங்கவில்லை.'

வரைபடம் என்று சொல்லவில்லை. வீடு என்றது. ஜெஸ்ஸிக்கு எரிச்சல்தான் வந்தது. அடுத்த வரியும் வந்தது.

'விளிம்புக்கு வெளியே இருப்பதை என்ன செய்வது? உன் குறிப்பில் இல்லை.'

'உன்' என்ற சொல் அவளை உறுத்தியது. இதுவரை அது அவளை அப்படி அழைத்ததில்லை. இருந்தாலும் கேள்வி நியாயமானது. 'விளிம்புக்கு வெளியே இருப்பதை வெட்டிவிடவும்' என்று எழுதிச் சேமித்தாள்.

தடித்த அட்டையைக் கத்தரிப்பதுபோல் ஒரு சத்தம் வீட்டின் குறுக்கே ஓடியது. குறட்டை பாதியில் நின்றது.

"என்னங்க?"

எழுந்து போனாள். பின்னறைக் கதவு இருந்த இடத்தில் சுவர் இருந்தது. வெள்ளையடித்த, காய்ந்த, பழகிய சுவர். கையை வைத்தாள். சில்லென்றிருந்தது. உள்ளிருந்து யாரோ தட்டினார்கள்.

"ஜெஸ்ஸி! கதவு எங்கடி? இருட்டா இருக்கு!"

வாசல் வழியாக ஓடி வீட்டைச் சுற்றி வந்தாள். பின்பக்கம் சுவரோடு வீடு முடிந்திருந்தது. அதற்கப்பால் கருவேலமுள்ளும் வெயிலும். அறை இல்லை. அறை இருந்த தடமும் இல்லை. ஆனால் சுவரில் காதை வைத்தால் தட்டும் சத்தம் கேட்டது. அவன் குரலும் கேட்டது. "மூச்சு முட்டுதுடி."

உள்ளே ஓடினாள். எழுதிய வரியை அழித்தாள். சேமித்தாள்.

'வெட்டியது வெட்டியதுதான். திரும்ப வைக்கும் வழியை நீ எழுதவில்லை.'

எழுத வேண்டும். இரண்டாவது அர்த்தம் இல்லாமல். ஒவ்வொரு சொல்லையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள். 'வெட்டியதைத் திரும்ப வைக்கவும். எதையும் வெட்டக் கூடாது. எல்லாவற்றையும் பக்கத்துக்குள் அடக்கவும்.'

சேமித்தாள்.

தட்டும் சத்தம் மெலிந்தது. இன்னும் மெலிந்தது. நகத்தால் சுரண்டுவதுபோல் ஆனது.

கதவு வந்திருந்தது.

அதே பச்சைக் கதவு. சுவரின் அடியில். தரையோடு தரையாக. தீப்பெட்டி உயரம்.

ஜெஸ்ஸி குப்புறப் படுத்தாள். கன்னம் தரையில் பட்டது. சுண்டுவிரல் நகத்தால் கதவைத் தள்ளினாள். திறந்தது. உள்ளே விளக்கு எரிந்தது. கட்டில். ஓடும் மின்விசிறி. கட்டிலருகே அவன். லுங்கியோடு, வியர்த்து, நின்றுகொண்டிருந்தான்.

அவன் நிமிர்ந்தான். வாசல் முழுக்க அடைத்து நின்ற கண்ணைப் பார்த்தான். அலறினான். கொசு ரீங்காரம்போல் கேட்டது அந்த அலறல்.

"நான்தாங்க" என்றாள்.

அந்த மூச்சில் கட்டில் புரண்டது. அவன் சுவரில் போய் மோதி விழுந்தான். எழுந்தான். நெற்றியில் ரத்தம். தள்ளாடிக்கொண்டே வந்தான். அவளை நோக்கித்தான் வந்தான். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். இமைக்கவில்லை.

அவன் கதவை அவள் கண்ணெதிரே சாத்தி, உள்ளே தாழிட்டான்.