ஜன்னல் எந்தப் பக்கம்?

மூன்று மணிக்கு வண்டி வந்து படத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடும். இப்போதே மணி பதினொன்று. வக்கீலம்மாவோ, எதிரே உட்கார்ந்திருந்த ஓவியரின் மனைவிக்கு நிதானமாகத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். குமாஸ்தாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

ஓவியர் இறந்து இரண்டு வருடமாகிறது. அன்றிலிருந்து அந்த அம்மாளுக்கும் படங்கள் சேர்க்கும் ஒரு பெரிய மனிதருக்கும் கடிதப் போக்குவரத்து. அம்மாளுக்குக் கை நடுக்கம். அவர் சொல்லச் சொல்ல மகள் எழுதுவாள், கையெழுத்து மட்டும் அவர் போடுவார். பதினொரு கடிதங்களில் படங்கள் ஒவ்வொன்றாக விலைக்குப் போய்விட்டன. மிஞ்சியது ஒன்றுதான். ஜன்னலோரம் மனைவியை உட்கார வைத்துக் கணவர் கடைசியாக வரைந்த படம். உயிரே போனாலும் அதைத் தரமாட்டேன் என்று சொன்னவரின் கையெழுத்தோடு, எடுத்துக்கொள்ளலாம் என்கிறது பன்னிரண்டாவது கடிதம்.

"நான் அப்படிச் சொல்லவே இல்லம்மா," என்றார் அவர்.

யாரோ தன் எழுத்தைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள் என்றாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள், தலையைக் குனிந்துகொண்டே.

பார்த்து எழுதப் பதினொரு கடிதம் வைத்திருப்பவர் யார்? குமாஸ்தா மனதுக்குள் பெரிய மனிதருக்கு விலங்கே மாட்டிவிட்டார். ஆனால் போன் போட்டதும் அந்த மனிதர் எல்லாக் கடிதங்களையும் டிரைவரிடம் கொடுத்தனுப்பினார். அந்தப் படத்தைத் தான் கண்ணாலும் பார்த்ததில்லை, போட்டோவிலும் பார்த்ததில்லை, ஆனாலும் கொடுத்த வாக்கை மாற்றினால் விடமாட்டேன் என்றார். ஓவியரின் மனைவியும் அவர் தன் வீட்டுப் படியேறியதே இல்லை என்று ஒப்புக்கொண்டார்.

குமாஸ்தா கடிதங்களைப் புரட்டிவிட்டுத் துள்ளி எழுந்தார். ஒன்பதாவது கடிதத்தில், 'இடப்பக்கம் ஜன்னல் உள்ள அந்தப் படத்தை மட்டும் கேட்காதீர்கள்.' பன்னிரண்டாவதில், 'வலப்பக்கம் ஜன்னல் உள்ள படத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.' படத்தைப் பார்க்காதவன் உளறிவிட்டான் என்று அடித்துச் சொன்னார்.

"முதல்ல படத்தப் பாப்போம்," என்றார் வக்கீலம்மா.

நால்வரும் போய்ச் சேர்ந்த அம்மாளின் வீட்டுக் கூடத்தில் அந்தப் படம் ஒரு சுவரையே அடைத்திருந்தது. நேராகப் பார்த்தபடி சால்வை போர்த்திய பெண். ஜன்னல், பார்ப்பவருக்கு வலப்பக்கம். குமாஸ்தா கையிலிருந்த கடிதத்தை மறுபடி பார்த்தார். அப்படியானால் பொய்க் கடிதத்தில் இருப்பதுதான் சரியா?

"சரிதான்," என்றார் வக்கீலம்மா. "பெரிய மனுஷர் எழுதியிருந்தா ஒன்பதாவது லெட்டர நம்பி இடப்பக்கம்னுதான் எழுதியிருப்பாரு. அவருக்கு வேற வழியில்ல. வலப்பக்கம்னு எழுதினவங்க இந்தப் படத்துக்கு முன்னாடி நின்னு பாத்தவங்க."

"ஆனா அம்மாவும் பாத்தவங்கதானே?" என்றார் குமாஸ்தா.

"இவங்க எப்பப் பாத்தாலும் படத்துக்குள்ள உட்காந்தவங்களாத்தான் பாக்குறாங்க. ஜன்னலுக்குப் பக்கத்துல உட்காந்திருந்தவங்க. அவங்க கைக்கு அது இடப்பக்கம்தான். முன்னாடி நின்னு பாத்தவங்க இந்த வீட்டுல இன்னும் ஒருத்தர்தான்."

மகள் மறுக்கவில்லை. வங்கித் தாள்களோடு அந்தக் கடிதத்தையும் சேர்த்து நீட்டிக் கையெழுத்து வாங்கியதை ஒத்துக்கொண்டாள். பிறகு அம்மாவைப் பார்த்துக் கொட்டித் தீர்த்தாள்.

"காலைல இதுக்கு முன்னாடி உட்காந்தா பொழுது சாயற வரைக்கும் எந்திரிக்கிறதில்ல. சோத்தத் தொடறதில்ல. நீயும் போயிடுவியோன்னு பயமா இருக்கும்மா. இதுல அப்பா எங்க இருக்காரு? நீதான இருக்க."

"அவர் என்னையே பாத்துக்கிட்டு இருக்காருடி," என்றார் அம்மா. "இதப் பாக்குறப்ப மட்டும்தான் அது தெரியுது."

குமாஸ்தா வாசலை எட்டிப் பார்த்தார். வக்கீலம்மா பெரிய மனிதருக்குப் போன் போட்டு, கடிதம் செல்லாது, வண்டியைத் திருப்பிக்கொள்ளுங்கள் என்று சொல்லி முடித்தார்.

அம்மாளுக்கு மகள்மேல் கோபம் வரவில்லை. இரண்டு வருடம் இவளை நிமிர்ந்து பார்க்காமல் இருந்திருக்கிறோமே என்ற வெட்கம்தான் வந்தது. மகளின் முகத்தை நடுங்கும் கையால் தன் பக்கம் திருப்பினார்.

"எப்படி இளைச்சுட்ட," என்றார். "நீ சாப்பிட்டியா?"

இல்லை என்று தலையாட்டிய மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு, படத்துக்கு முதுகைக் காட்டி, சமையலறைப் பக்கம் மெதுவாக நடந்தார்.