பஜ்ஜி பார்க்காத எண்ணெய்

"ஐயோ!"

துலுக்கானத்தின் அலறலில் அம்பத்தூர் எஸ்டேட் புறாக்கள் மொத்தமாகக் கிளம்பின.

எண்ணெயைச் சோதிக்கும் யுவராணி லேபிலிருந்து ஓடி வந்தாள். பயோடீசல் காய்ச்சும் ரியாக்டரின் மூடி திறந்திருந்தது. உள்ளே... பிணமா?

அதைவிட மோசம்!

"இன்னாம்மா இது? உள்ளார சோப்பு கீது!" ஆபரேட்டர் துலுக்கானம் நடுங்கினான்.

ஓட்டலில் பொரித்து மிஞ்சிய எண்ணெய்தான் இங்கே டீசலாகிறது. அதில் தண்ணீரும் அமிலமும் ஏறியிருந்தால் சோப்பாகிவிடும். கொரட்டூர் வரைக்கும் எல்லாரையும் குளிப்பாட்டலாம்!

"இந்த லோடுக்கு ஓகே போட்டது நீதானேம்மா?" முதலாளி பஷீர் அகமதுவின் முகம் இறுகியிருந்தது. "நீ லோடுக்காரன்கிட்ட கைநீட்டி காசு வாங்குறேன்னு ஏற்கெனவே காதுல வுழுந்துச்சு. நான் நம்பல. இப்ப போலீசைக் கூப்புடவா?"

"சார்... மெஷின் பாஸ்னு காட்டுச்சு..."

"மெஷினா ஜெயிலுக்குப் போவும்?"

கிஷோர் அவள் தோளைத் தொட்டான். டேங்கரில் சாம்பிள் எடுப்பவன். தை மாதம் அவளுக்குத் தாலி கட்டப் போகிறவன். அந்த வேண்டுதலுக்குத்தான் போன வாரம் திருத்தணியில் மொட்டை போட்டிருந்தான்.

"ஒத்துக்கோ யுவா. சார் மன்னிச்சுடுவாரு."

ஒத்துக்கவா? எதை?

லேபுக்குப் பாய்ந்தாள். மற்றவர்கள் பின்னாலேயே வந்தார்கள். அந்த லோடின் சாம்பிள் பாட்டிலிலிருந்து ஒரு சொட்டு எடுத்து அகச்சிவப்பு மெஷினில் விட்டாள். கதிர் எண்ணெய்க்குள் புகுந்தது. திரையில் ஒரு கோடு நெளிந்தது.

பாஸ்!

எப்போதும் அந்தப் பச்சை எழுத்தோடு நின்றுவிடுவாள். இன்று கோட்டையே முறைத்தாள்.

"சார்... ஓட்டல் பாமாயில்னா இந்த எடத்துல சின்னதா ஒரு மேடு வரும். காணோம்! இது பஜ்ஜியையே பார்க்காத எண்ணெய். சுத்தமான தேங்காண்ணெய்!"

"மெட்ராஸ்ல எவம்மா தேங்காண்ணெய்ல பஜ்ஜி போடுறான்?"

"அதான் சார்! டேங்கர்ல இருந்தது வேற. பாட்டில்ல வந்தது வே..."

பாதியில் நின்றாள்.

முடி சீக்கிரம் வளரட்டும் என்று அவளே ஆசையாக வாங்கிக் கொடுத்த தேங்காய் எண்ணெய்...!

மெல்லத் திரும்பினாள். கிஷோரின் மொட்டையைத் தடவினாள்.

சொரசொரப்பு. காய்ந்து கிடந்தது.

"நான் குடுத்த பாட்டில் எங்க கிஷோர்?"

"தீ... தீந்துடுச்சு."

"தலைல ஒரு பொட்டு இல்ல. எங்க தீந்துச்சு?"

கிஷோர் வாசலைப் பார்த்தான். அங்கே துலுக்கானம் அடைத்துக்கொண்டு நின்றான்.

"நம்ம கல்யாணச் செலவுக்குத்தான் யுவா... சாம்பிள மாத்துனா லோடுக்காரன் காசு தரேன்னான்..."

"அடப்பாவி!" பஷீர் அகமது வெடித்தார். "இவ கைநீட்டுறான்னு எங்கிட்ட வந்து ஊதினதே நீதானேடா!"

யுவராணி நிச்சயதார்த்த மோதிரத்தைக் கழற்றி அவன் சட்டைப் பாக்கெட்டில் போட்டாள்.

"மனு போட்டு ஜெயிலுக்குப் பாக்க வர்றேன் கிஷோர். இன்னொரு பாட்டில் வாங்கியாரேன்... இந்த வாட்டியாச்சும் தலைல தேச்சுக்கோ!"