துருப்பிடிக்காத விரல்கள்

சாக்கிலிருந்து கொட்டிய இரும்புத் துண்டுகளில் நாலு மட்டும் துருப்பிடித்திருக்கவில்லை.

சித்தி லைலா அவற்றைப் பொறுக்கிப் பாயின் ஓரத்தில் தனியே வைத்தாள். சாய்ந்தமருதில், கடலிரைச்சல் ஓயாமல் கேட்கும் அந்த வீட்டில், எந்த இரும்பும் ஒரு மாரியைத் தாங்காது. கதவுக் கொண்டியும் கிணற்றுக் கப்பியும் உப்புக்காற்றில் செம்மண்ணாய் உதிர்ந்துகொண்டிருந்தன. சாக்கில் வந்த மற்றத் துண்டுகளும் அப்படித்தான் கையில் ஒட்டின. இந்த நாலும் நேற்றுவரை யாரோ எண்ணெய் தடவிக் கையாண்டவை போல மினுங்கின. மெலிந்து நீண்டு, நுனியில் சற்று வளைந்திருந்தன. தொட்ட கையை முகர்ந்தாள். அச்சு மையின் வாசம் வந்தது. காய்ந்த மை அல்ல, ஈர மை.

ஐம்பத்தாறாம் ஆண்டு மாரி அது. அவளுடைய கணவன் சரீப் வீட்டின் முன்னறையிலேயே அச்சுக்கூடம் வைத்திருந்தவன். தேய்ந்துபோன சின்ன மிசினை விற்றுவிட்டு, மட்டக்களப்பில் மூடிப்போன ஓர் அச்சுக்கூடத்திலிருந்து பழைய மிதி மிசின் ஒன்றை வாங்கி வந்தான். கனத்த உடல் ஒன்றாகவும் கழற்றிய பாகங்கள் சாக்குகளிலுமாக அது லொறியில் வந்து இறங்கியது. பூட்டிப் பார்க்குமுன் காய்ச்சலில் விழுந்தான். பிறகு எழும்பவில்லை.

இப்போது அவள் கணவனை இழந்தவளுக்குரிய இத்தா இருந்தாள். வெள்ளைச் சேலையோடு, அந்தக் காலம் முடியும்வரை வெளியே போகாமல், பிற ஆண்களின் கண்ணில் படாமல் இருக்க வேண்டும். உம்மா இல்லை. பிள்ளைகளும் இல்லை. தம்பி ஹமீடின் மனைவி சுல்பிகா வந்து துணைக்கு நிற்பதாக இருந்தது. அவளுக்கே பிள்ளை பிறந்து நாற்பது நாள் முடியவில்லை. ஹமீட் பகலில் சோறு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவான்.

"மட்டக்களப்பில இருந்து கனகரெத்தினம் ஐயா மிசினப் பாக்க வாறாராம், ராத்தா. சாமான் எல்லாம் சரியா இருந்தாத்தான் எடுப்பாராம்."

"நான் பாத்து வெக்கிறன், தம்பி."

அவளுக்கு அது தெரிந்த வேலைதான். பழைய மிசினில் சரீப் மிதிக்க, அவள்தான் தாள் எடுத்துக் கொடுப்பாள். மை உருளைகளைத் தாங்கும் கொக்கிகள், எழுத்தை இறுக்கும் சட்டம், தாளைப் பிடிக்கும் மெல்லிய கம்பிகள் என்று ஒவ்வொன்றையும் துடைத்து, அடையாளம் கண்டு, பாயில் பரப்பினாள். தாளைப் பிடிக்கும் கம்பிகளுக்கு அச்சுக்கூடத்தில் விரல் என்றுதான் பெயர். இந்த நாலும் அந்த விரல்களின் இனம்தான் என்று நினைத்தாள். ஆனால் மிசினின் விரல்கள் ஏற்கெனவே அதனதன் இடத்தில் இருந்தன. அவற்றோடு வாய் அகன்ற குட்டையான குழாய் ஒன்றும், துளைகளுள்ள தகடு ஒன்றும், தோல் வார் ஒன்றும் எதிலும் பொருந்தாமல் மிஞ்சின.

மறுநாள் விடிய, சுபஹுத் தொழுகைக்கு எழும்பியவள் முன்னறையைக் கடக்கையில் நின்றாள். எங்கே பூட்டுவதென்று தெரியாமல் சாக்கின் மேல் விட்டிருந்த கொக்கி, மிசினடியில், தனக்குரிய துளைக்கு நேரே கிடந்தது. குனிந்து பூட்டிப் பார்த்தாள். பொருந்தியது.

பயம் வரவில்லை. சரீப் அப்படித்தான். அதிகம் கதைக்க மாட்டான். அவள் எதையாவது தேடினால் சத்தமில்லாமல் எடுத்துக் கைக்கெட்டிய தூரத்தில் வைத்துவிட்டுப் போவான். கொக்கியைப் பிடித்தபடியே தரையில் குந்தி அழுதாள். பிறகு, எத்தனையோ நாளைக்குப் பிறகு, சிரித்தாள்.

அன்றிலிருந்து அவள் கதைக்கத் தொடங்கினாள். வெளியே மழை கிடுகுவேலியை அறைந்துகொண்டிருக்கும், கடல் எங்கோ மண்ணை அரித்து இழுத்துக்கொண்டிருக்கும், அவள் லாம்பைத் தணித்து வைத்துவிட்டு முன்னறையின் இருட்டைப் பார்த்து மெதுவாகச் சொல்வாள்:

"இது எங்க பூட்டுறதெண்டு எனக்குத் தெரியல்ல. உங்களுக்குத்தானே தெரியும்."

விடிந்தால் துண்டுகள் நகர்ந்திருக்கும். அவள் மேலும் கதைத்தாள். பிள்ளை இல்லாத குறையைப் பற்றி, சரீப் உயிரோடிருந்தபோது அவனிடம் சொல்லாததையெல்லாம் சொன்னாள். இருட்டு கேட்டுக்கொண்டிருந்தது. ஒருநாள் படுக்கப் போகையில், "போகாம இரிங்க" என்றாள்.

அடுத்த விடியலில் மிஞ்சிய துண்டுகள் எல்லாம் ஒன்றாய்ப் பூட்டியிருந்தன. குழாயின் முனையில் தகடு, தகட்டில் நாலு விரல்கள், குழாயின் வாயில் தோல் வார். தாளைத் தூக்கிவைக்கும் கருவியாக்கும் என்று எண்ணி, மிசினின் பலகை மேல் பத்திரமாக வைத்தாள். வார் ஈரமாக இருந்தது. ஓட்டிலிருந்து மழை ஒழுகியிருக்கும்.

அன்று பின்னேரம் மழையோடு மழையாகக் கனகரெத்தினம் வந்தார். சித்தி லைலா உள்ளறைத் திரைக்குப் பின்னால் நின்றாள். மிசினைச் சுற்றி அவர் நடப்பது கேட்டது. சில்லைச் சுழற்றினார், மிதியை அழுத்தினார், "நல்லாச் செஞ்சிருக்காங்க" என்று ஹமீடிடம் சொன்னார். பிறகு நடை நின்றது.

"தங்கச்சி," என்றார். குரல் மாறியிருந்தது. "இத ஆரு பூட்டி வெச்ச?"

"நான்தான் ஐயா," என்றாள். சரீப் பூட்டியது என்று எப்படிச் சொல்வது?

"இது மிசின்ட சாமானில்ல. ஒரு மனிசன்ட கை."

திரையைப் பிடித்திருந்த அவளுடைய விரல்கள் இறுகின.

"நான் அந்த அச்சுக்கூடத்தில வேலைக்குச் சேரக்குள்ள அருளம்பலம் எண்டு ஒரு மிசின்காரர் இருந்தார்," என்றார் கனகரெத்தினம். "அவர்ர வலக்கை இந்த மிசினுக்குள்ளதான் போன. கொல்லன்ட்டச் சொல்லி இதச் செய்விச்சுக் கட்டிக்கிட்டு, சாகும்வரை இதிலதான் வேல செஞ்சார். வாரக் கட்டி விட ஆரையும் கிட்ட விடமாட்டார். பல்லால கடிச்சு இழுத்துத்தான் பூட்டுவார். பொண்டாட்டி புள்ள ஒருத்தருமில்ல. படுக்கையும் மிசினுக்குப் பக்கத்திலதான்."

"அவர் செத்த பிறகு சாமான்களோட சேந்து வந்திருக்கும்," என்றான் ஹமீட்.

"இல்ல தம்பி. கழட்ட மனமில்லாமக் கையோடதான் புதைச்ச. பெட்டியத் தூக்கினதில நானும் ஒருத்தன்."

ஹமீட் அதைத் திருப்பிப் பார்ப்பது கேட்டது. "வாரில பல்லுப் பட்ட அடையாளம் இரிக்கு," என்றான். கொஞ்சம் பொறுத்து, "ஈரமா இரிக்கு" என்றான்.

கனகரெத்தினம் மிசின் வேண்டாம் என்றார். வாசலில் நின்று, "தங்கச்சிய இஞ்ச தனிய விடாதீங்க" என்றது மட்டும் அவளுக்குக் கேட்டது.

ஹமீட் திரையருகே வந்தான். "பள்ளி லெப்பையிட்ட, இத்தாவோட வெளிய வரலாமாண்டு ஒரு வார்த்த கேட்டுட்டு, கூடார வண்டியோட வாறன் ராத்தா. நம்மட ஊட்டுக்குப் போயிருவம். மஃரிபுக்குள்ள வந்திருவன்."

"சுறுக்கா வா, தம்பி."

வண்டித் தடத்தில் தண்ணீர் ஓடும் சத்தத்தில் அவன் காலடி கரைந்தது.

அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். அப்போ, இத்தனை நாளும் நான் கதைச்சது ஆரோட? யாரிடம் அழுதாள்? பிள்ளை இல்லாத கதையையெல்லாம் அந்த இருட்டில் குந்தியிருந்து யார் கேட்டது? சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டாள். வெட்கம்தான் முதலில் வந்தது. பிறகுதான் குளிர்.

மழை இருட்டோடு பொழுதின் இருட்டும் கலந்தது. எங்கோ தொலைவில் மஃரிபுத் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு, காற்றில் கிழிந்து கிழிந்து, பாதிதான் வந்து சேர்ந்தது. ஹமீடைக் காணவில்லை. திரையை ஒரு விரலளவு விலக்கி முன்னறையைப் பார்த்தாள். மிசின் கறுப்பாய் நின்றது. பலகை வெறுமையாக இருந்தது.

ஹமீட் எடுத்துப் போயிருப்பான். இல்லை. அவன் போகும்போது இரண்டு கையாலும் குடையைப் பிடித்திருந்தான்.

உள்ளறைக் கதவைச் சாத்தினாள். கொண்டியைப் போட்டாள். லாம்பைத் தூண்டிக் கையில் வைத்துக்கொண்டு, கதவில் நெற்றியை முட்டி, தெரிந்த சூறாவெல்லாம் ஓதினாள். மிதியின் சத்தம் வரும் என்று காத்திருந்தாள். தடக்கென்று ஒரு மிதி. சில்லின் முனகல்.

வரவில்லை.

முன்னறையில் ஒன்றுமே இல்லை. மழை மட்டும். மூச்சு மெல்லச் சீரானது.

அப்போது கேட்டது. தோல் இழுபடும் சத்தம். மெதுவாக. ஈரத்தோல். பிறகு பற்கள் ஒன்றோடொன்று உரசும் மெல்லிய நெறுநெறுப்பு. வாரின் பூட்டு, கிளிக்கென்று விழுந்தது.

கதவுக்கு அப்பால் அல்ல.

மை வாசம் வந்தது.

திரும்பக் கூடாது என்று நினைத்தாள். திரும்பினாள். லாம்பின் சுடர் சுவரில் ஆடி நின்றது. அவளுடைய பாய் விரித்தபடி கிடந்தது. இந்தப் பக்கம் அவளுடைய தலையணை. அந்தப் பக்கம், சரீப் மௌத்தான பிறகு யாரும் படுக்காத பக்கம், நீளமாக, ஓர் ஆளின் கனத்தில் அழுந்திக் கிடந்தது. அதன் மேல் ஒருவரும் இல்லை. வார் மட்டும் ஒன்றுமில்லாததைச் சுற்றி இறுகிக் கிடந்தது. பாயின் நடுவில், அவள் படுக்கும் பக்கமாக, அந்த இரும்புக் கை மல்லாந்து நீண்டிருந்தது.

நாலு விரல்களும் ஒவ்வொன்றாக விரிந்தன. அவளுடைய கையைக் கேட்டபடி.