சுகுணாவின் சுற்றுவழியில் ஒரு மீன் பை

"நில்லுங்க… அப்படியே நில்லுங்க! குறுக்க போயிட்டீங்க! என் கோடு போச்சு!"

கீழ மூன்றாம் வீதியின் நடுவில் அடைக்கலம் நின்றான். ஒரு கால் முன்னால், ஒரு கால் பின்னால். கையில் ஒயர் பை. பைக்குள், விடியற்காலை கட்டுமாவடியில் கரையேறிய கொடுவா மீன் ஒன்று, பனிக்கட்டித் தூளுக்குள் சுகமாகப் படுத்திருந்தது.

திரும்பிப் பார்த்தான். பார்த்திருக்கக் கூடாது.

அந்தக் கண்கள்… மழை வருவதற்குக் கொஞ்சம் முன்னால் வானம் ஒரு நிறம் காட்டுமே, அந்த நிறம். புதுக்கோட்டை வானம் அந்த நிறத்தை எல்லோருக்கும் காட்டிவிடாது.

"எந்தக் கோடுங்க?" என்றான்.

"இதோ… இது!" அவள் ஒரு வரைபடத்தை விரித்தாள். ஊரின் வீதிகளெல்லாம் அச்சில் இருந்தன. அவற்றின் மேல் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் ஒரே ஒரு கோடு. வளைந்து, திரும்பி, மடங்கி… கோழிக்குடல் மாதிரி.

"என்னங்க இது, ஸ்கேன் ரிப்போர்ட்டா?"

"சுத்துவழி! உள்ள போற வழி ஒண்ணேதான். தொலைஞ்சு போகவே முடியாது. உள்ள போற வரைக்கும் போன வீதியில திரும்ப நடக்கக் கூடாது, என் தடத்தை நானே வெட்டக் கூடாது. கடைசியில பல்லவன் குளத்துப் படியில முடியும்."

புதுக்கோட்டை வீதிகள் ஒன்றுக்குள் ஒன்று வைத்த சதுரப் பெட்டிகள். உள்ளே ராஜ வீதிகள், அவற்றைச் சுற்றி இரண்டாம் வீதிகள், மூன்றாம் வீதிகள், நான்காம் வீதிகள், நாலு திசைக்கும். இந்த ஊரில் பிறந்தவனுக்கு வழி சொல்ல வேண்டியதில்லை. பிறக்காதவனுக்குச் சொன்னாலும் புரியாது. இந்தப் பெட்டிகளுக்குள் வெட்டு விழாமல் ஒரு கோட்டை ஓட்ட சுகுணா ஒரு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தாள். வங்கி உத்தியோகம். ஓசூர்க் கிளைக்கு மாற்றல், நாளைக்குக் கிளம்ப வேண்டும். போவதற்கு முன், பிறந்து வளர்ந்த வீதிகளையெல்லாம் ஒரே நடையில் நடந்து பார்த்துவிட வேண்டும்… அவ்வளவுதான் ஆசை.

வங்கி வாட்ஸப் குழுவில் எல்லோரும் கட்டைவிரல் தூக்கியிருந்தார்கள். காலையில் வந்து நின்றது காசாளர் ஞானமணி மட்டும். முதல் திருப்பத்தில் கோடு இடப்பக்கமாகச் சுற்ற ஆரம்பித்ததும் அவரும் நின்றுவிட்டார். "எடமா சுத்துறது எழவு வீட்டுக்காரங்கம்மா. நான் இன்னும் பேத்தி கல்யாணம் பாக்கணும்" என்று சொல்லி, வலமாகச் சுற்றி வீட்டுக்குப் போய்விட்டார்.

"காலையிலேருந்து பஸ், ஆட்டோ, மாடு எல்லாம் குறுக்க போயிருக்குமே… என்னை மட்டும் ஏங்க புடிச்சீங்க?" என்றான் அடைக்கலம்.

"அதெல்லாம் கோடு போடலை. நீங்க போட்டிருக்கீங்க. பாருங்க!"

கீழே பார்த்தான். மீன் பையிலிருந்து சொட்டிய பனிநீர், மார்க்கெட்டிலிருந்து அவன் கால் வரைக்கும் அளவுகோல் வைத்தது போல ஒரு நேர்க்கோடு போட்டிருந்தது.

யோசித்தான்.

"நானும் ஒங்ககூடவே நடந்தா, ரெண்டு கோடும் ஒண்ணாயிரும். அப்புறம் வெட்டு எங்கிட்டு இருக்கு?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அதை அடக்கி, வங்கி முகத்தை மாட்டிக்கொண்டாள். "பின்னாடி வாங்க. பேசாம வாங்க."

பேசாமல்தான் வந்தான், தெரு முனை வரைக்கும்.

நடக்க நடக்க வீதிகள் பேச ஆரம்பித்தன. தியேட்டர் இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம். "இடைவேளைல முறுக்கு விக்கிற சத்தம் எங்க டியூஷன் வரைக்கும் கேக்கும்" என்றாள். "அந்த முறுக்கை வாங்கித் தின்னுக்கிட்டிருந்தது நான்தாங்க" என்றான். டியூஷன் மாடி இருந்த இடத்தில் செல்போன் கடை. அவள் மாடியை அண்ணாந்து பார்த்தாள். அங்கே இல்லாத கரும்பலகை அவளுக்குத் தெரிந்தது போல… கொஞ்ச நேரம் நின்றாள். அவனும் அண்ணாந்து பார்த்தான். கூடவே ஒரு பூனையும் பார்த்தது.

ஆமாம், பூனை. மீன் பைக்குப் பின்னால் முதலில் ஒன்றுதான் வந்தது. வடக்கு இரண்டாம் வீதிக்கு வரும்போது ஒரு வரிசையே வந்துகொண்டிருந்தது. அதில் ஒரு சாம்பல் பூனை செய்தி கேள்விப்பட்டுத் திருமயத்திலிருந்து பஸ் ஏறி வந்தது. கண்டக்டர் டிக்கெட் கேட்கவில்லை.

"கல்ஃப்ல ஒம்பது வருஷங்க" என்றான் அடைக்கலம். "கண்ணை மூடினா இந்த வீதிங்கதான். மனசுக்குள்ளயே நடப்பேன். இப்ப எல்லாத்தையும் முடிச்சுட்டு வந்தாச்சு. இனி இங்கதான்." பிறகு முனையைக் காட்டினான். "இந்த வளைவு… எப்பவும் முதல்ல வர்றது இதுதான். ஒரு நாள் நீலத் தாவணில ஒரு பொண்ணு சைக்கிளோட விழுந்துச்சு. செயின் கழண்டுருச்சு. நான்தான் மாட்டிக் குடுத்தேன். முகம் ஞாபகம் இல்லை. ஆனா…" அவள் பக்கம் பார்த்தான். "அது நீங்களா?"

"இல்லை" என்றாள் சுகுணா. வேகமாகச் சொன்னாள். தேவைக்கு மேல் வேகமாக. "எங்க ஸ்கூல்ல எல்லாருக்கும் நீலத் தாவணிதான்."

"பரவாயில்லைங்க" என்று பெருமூச்சு விட்டான். மீன் பையை இடக் கைக்கு மாற்றிக்கொண்டான்.

போன் அடித்தது. அவன் அக்கா சத்யா.

"டேய், எங்கிட்டுடா இருக்க? புளி கரைச்சு வச்சிட்டேன். மீனு எங்க?"

"வந்துக்கிட்டே இருக்குக்கா."

"நாலு தெரு தாண்டுறதுக்கு இம்புட்டு நேரமா ஒனக்கு?"

"சுத்துவழிக்கா" என்று வைத்துவிட்டான்.

தெற்கு இரண்டாம் வீதியில் கோடு முட்டிக்கொண்டது. தெருவையே அடைத்துப் பந்தல். வாழைமரம், சீரியல் பல்பு, காதுகுத்து விழா. கோடு பந்தலுக்குள்ளே போய் அந்தப் பக்கம் வெளியே வர வேண்டும்.

"இங்கிட்டுச் சந்துல பூந்து போயிரலாம்" என்றான்.

"முடியாது. அந்தச் சந்துல முன்னாடியே நடந்தாச்சு. வெட்டிரும்."

"அட, வெறும் கோடுதானேங்க…"

சொன்ன மறுநிமிடமே அவனுக்குத் தெரிந்துவிட்டது. அந்த வானத்து நிறம் இருண்டது.

"ஆமா… வெறும் கோடுதான்" என்றாள். குரல் இறங்கியிருந்தது. "நாளைக்கு இந்த ஊர்ல நான் இருக்க மாட்டேன். ஓசூர்ல எனக்கு ஒரு தெரு பேரு தெரியாது. ஒரு வளைவுகூட என்னோடது இல்லை. இதை முழுசா நடந்துட்டா எடுத்துட்டுப் போயிரலாம்னு நெனச்சேன். ஒங்களுக்குக் கோடுதான். போங்க… மீன் கெட்டுரும்."

அவன் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். பூனைகளும் போய்விட்டன.

பந்தலுக்கு முன்னால் வரைபடத்தோடு தனியாக நின்றாள் சுகுணா. அழைப்பில்லாத வீட்டுக்குள் எப்படி நுழைவது? 'போகச் சொன்னா… உடனே போயிரணுமா?' என்றது மனசு. 'வாயை மூடு' என்றாள் மனசிடம்.

அப்போது தெருமுனையில் டிரம் செட் அதிர்ந்தது. தாய்மாமன் சீர். பெண்கள் வரிசையாகத் தட்டு ஏந்தி வந்தார்கள். பட்டுப்பாவாடை, வெள்ளிக் கொலுசு, மாம்பழம், ஆப்பிள்… கடைசித் தட்டில் ஒரு கொடுவா மீன். தட்டை ஏந்தி, தாய்மாமனைவிடக் கம்பீரமாக நடந்து வந்தவன் அடைக்கலம். அவனுக்குப் பின்னால், இடைவெளி விட்டு, ஒழுங்காக, பூனைகள்.

அவளருகே வந்ததும் குரலைத் தாழ்த்தினான். "தட்டை ஒரு பக்கம் புடிங்க. கோடு உள்ளாறதானே போகுது?"

பிடித்தாள்.

புதுக்கோட்டைப் பந்தலில் யாரும் யாரையும் 'நீங்க யாரு' என்று கேட்க மாட்டார்கள். கேட்டால் சொந்தம் கோபித்துக்கொள்ளும். தகப்பன் வீட்டார் இவர்களைத் தாய் வீட்டார் என்று நினைத்துக் கும்பிட்டார்கள். தாய் வீட்டார் தகப்பன் வீட்டார் என்று நினைத்துச் சந்தனம் கொடுத்தார்கள். கொடுவா மேடையேறியது. சாப்பிடாமல் போகக் கூடாது என்று இருவரையும் பந்தியில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். பூனைகள் எதிர் வரிசையில் உட்கார்ந்தன.

கறி வாளியோடு வந்த அம்மாள் அதட்டினாள். "ஏந்தம்பி, பொண்டாட்டி எலை காலியாக் கெடக்கு, பாத்துக்கிட்டே இருக்கியே? கேட்டு வாங்கிப் போட வேணாம்?"

அடைக்கலத்துக்குப் புரையேறியது. சுகுணா… இல்லை என்று சொல்லவில்லை. தண்ணீர்க் குவளையை அவன் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

கை கழுவும்போது போன் அடித்தது.

"அக்கா… மீனு சீருக்குப் போயிருச்சு."

"யாரு வீட்டுச் சீரு?"

"தெரியலைக்கா."

"…வெயில்ல ரொம்ப நேரம் நின்னியாடா?"

பந்தலின் அந்தப் பக்கம் வெளியே வந்தார்கள். மீதிக் கோடு மளமளவென்று ஓடியது. இந்தச் சுற்றுவழிக்கு ஒரு குணம்: நடு கண்ணில் தெரியும்போதெல்லாம் தூரத் தள்ளிவிடும். இரண்டு முறை குளம் தெரிந்தது, இரண்டு முறை விலகிப் போனது. மூன்றாம் முறை… படிக்கட்டு.

கடைசிப் படியில் முதல் துளி விழுந்தது. பிறகு மழை, மெதுவாக, பச்சைத் தண்ணீரில் வட்டம் வட்டமாக. வரைபடத்தில் சிவப்பு மை கரைந்து ஓடியது.

"எடுத்துட்டுப் போறதுக்குக் கெடைச்சுதாங்க?" என்றான்.

தலையாட்டினாள். கண் நனைந்திருந்தது. மழைதான் என்று சொல்லிக்கொள்ளலாம்.

"நான் ஒண்ணு சொல்லணும். நாளைக்கு ஓசூர் போயிருவீங்க. இன்னைக்கு விட்டா ஆளு கெடையாது. எனக்கு நடையே புடிக்காதுங்க. ஒங்களுக்காகத்தான் நடந்தேன். அந்தச் சைக்கிள் பொண்ணு நீங்க இல்லைன்னாலும் பரவாயில்லை. அவளைத் தேடி நான் வரலை. குறுக்க போனவனை நில்லுன்னது நீங்கதான். ஒங்களைப் புடிச்சிருக்கு. ஓசூருக்குப் பஸ் இருக்கு… பூனையே பஸ்ல வருது, நான் வர மாட்டேனா?"

அவள் திரும்பி, வந்த வழியைப் பார்த்தாள்.

"நடுவுக்கு வந்தா சுத்துவழி முடிஞ்சிராதுங்க" என்றாள் மெல்ல. "வந்த தடத்துலயே திரும்பி நடந்து வெளிய போனாத்தான் முழுசு."

"மழைல கோடெல்லாம் அழிஞ்சிருச்சே…"

"அன்னைக்குச் செயின் மாட்டிட்டு, கையில இருந்த கரியை… என் தாவணி நுனியில தொடைச்சீங்க. எங்கம்மா எத்தனை சோப்புப் போட்டும் போகலை. இது மழைக்கா அழியப் போகுது?"

அடைக்கலம் அப்படியே நின்றான். ஒரு கால் முன்னால், ஒரு கால் பின்னால்.

"அப்ப… ஏங்க இல்லைன்னு சொன்னீங்க?"

"ஊரை விட்டுப் போறவ, ஆமான்னு சொல்லிட்டு எப்படிங்க போறது?"

மேல் படியில் சாம்பல் பூனை மழையில் நனைந்தபடி இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தது. கடைசித் திருமயம் பஸ்ஸை அது விட்டுவிட்டது.

சுகுணா நனைந்த வரைபடத்தை மடித்து அவன் சட்டைப் பையில் வைத்தாள். பிறகு கையை நீட்டினாள்.

"இப்ப ஆமான்னு சொல்றேன். வாங்க… மொதல் திருப்பம் வரைக்கும் திரும்பி நடப்போம்."